உதடு மட்டும்

மே இருபது. நாற்பத்தாறு டிகிரி.
விடுமுறைக்குப் பூட்டிய பள்ளியொன்றை
ஜனக்புரியில் எங்களுக்காகத் திறந்தார்கள்.
தில்லியின் சங்கீத டீச்சர்கள் அறுபத்திரண்டு பேர்,
ஆளுக்கொரு கோப்பு, எழுதாத பேனா,
முழங்கால் இடிக்கும் மூன்றாம் வகுப்பு பெஞ்சு.

கூலர் ஓடிக்கொண்டிருந்தது,
நாலு கட்டைக்கு ஒரு மயிரிழை கீழே.
பக்கத்தில் தெபோஜித் சர்க்காருக்கும் உறுத்தியிருக்க வேண்டும்,
காதைத் தேய்த்துக்கொண்டு சிரித்தார்.
மத்தியானத்துக்குள் நாங்கள் எல்லோரும்
அந்தச் சுதியில்தான் பேசிக்கொண்டிருந்தோம்.

இரண்டு நாள் கட்டம் போட்ட தாள்களை நிரப்பினோம்.
பாடம். நோக்கம். கற்றல் விளைவு.
'மாணவர் மகிழ்வார்' என்று எழுதியிருந்தேன்.
அடித்துவிட்டு
'மாணவர் மகிழ்ச்சியை வெளிப்படுத்துவார்' என்று எழுதச் சொன்னார்கள்.
அளக்க முடிய வேண்டுமாம்.
மாயாமாளவகௌளையை எந்தக் கட்டத்தில் அடைப்பது?
கேள்விகள் கடைசி நாளில், என்றார்கள்.

மூன்றாம் நாள் கோஹிமாவிலிருந்து அவேனுவோ வந்தாள்.
சின்னப் பெண். கையில் சீட்டுக் குலுக்கும் பிஸ்கட் டப்பா.
"இதுவரை நீங்கள் தொடாத வாத்தியம்," என்றாள்,
"இரண்டு நாளைக்கு நீங்கள்தான் மாணவர்."
தபலா வாசிக்கும் ஹர்லீன் கௌருக்கு வயலின்.
சர்க்காருக்கு ஜால்ரா; அதில் அவருக்கு வருத்தம்.
எனக்கு டிரம்பெட்.

இருபத்திரண்டு வருஷம் வாய்ப்பாட்டு.
ஊதினேன், காற்றுதான் வந்தது.
இன்னும் ஊதினேன்,
எருமை தும்மியது.
"ஊதாதீர்கள் மேடம், உதட்டை அதிர விடுங்கள்.
உதடு மட்டும்தான்."

இந்தச் சொல்லை எங்கோ கேட்டிருக்கிறேன்.
இல்லை, சொல்லியிருக்கிறேன்.
ஏழாம் வகுப்பு பி, லோகேஷ் ராவத்.
ஆண்டு விழாவுக்கு இரண்டு நாள் முன்னால்
குரல் உடைந்துபோய் நின்றான்.
பின் வரிசைக்குப் போ.
பாடாதே, உதட்டை மட்டும் அசை.
சரி மிஸ், என்றான்.
முகத்தைப் பார்க்க நேரமில்லை எனக்கு,
மைக் செட்காரன் இன்னும் வந்திருக்கவில்லை.

ஐந்தாம் நாள் நிறைவு விழா.
கல்வித் துறை அதிகாரி வந்து முன் வரிசையில் உட்கார,
எங்கள் குழுவின் ரோஹிணி குல்கர்னி
என் காதோரம் குனிந்து, வெகு மரியாதையாக,
"தப்பாக நினைக்காதீர்கள்,
நீங்கள் கன்னத்தை மட்டும் உப்பினால் போதும்."

தப்பாக நினைக்கவில்லை. உப்பினேன்.
அதில் ஒரு சுகம் இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.
அபசுரம் இல்லை, பயம் இல்லை,
பளபளக்கும் பித்தளைக்குப் பின்னால் நான் இல்லவே இல்லை.
அதிகாரி என்னைப் பார்த்துத்தான்
அதிகம் தலையாட்டினார்.

சான்றிதழில் வேதவல்லி
ஒரு எழுத்துக் குறைந்து வேதவலி ஆகியிருந்தேன்.
திருத்தித் தரக் கேட்டு விண்ணப்பிக்கலாமாம்.

மெட்ரோவில், முந்தானைக்குள் மறைத்து,
ராஜீவ் சௌக் வரை உதட்டை அதிரவிட்டுப் பார்த்தேன்.
எதிர் இருக்கைக் குழந்தை ஒன்று
திருப்பிச் செய்து காட்டியது,
என்னைவிட நன்றாக.

ஜூலை ஒன்று.
பிரார்த்தனை மைதானத்தில் எட்டாம் வகுப்பு வரிசை.
மீசை அரும்பியிருக்கிறது அவனுக்கு.
உதடு அசைகிறது,
ஒரு சொல் பிசகாமல்,
மூச்செடுக்கும் இடம்கூடச் சரியாக.
முன்னால் நின்று கேட்கிற யாராலும்
கண்டுபிடிக்க முடியாது.

ஆர்மோனியத்தை ஒரு பிள்ளையிடம் விட்டுவிட்டு
வரிசைக்குள் போய், அவன் பக்கத்தில் நின்றேன்.
அந்தப் பக்கத்திலிருந்து ஒன்றும் வரவில்லை.

"பாடு," என்றேன்.

திரும்பித் தன் பின்னால் பார்த்தான்,
யாரைச் சொல்கிறேன் என்று.